பூந்தாது காட்டும் பழங்கணக்கு: ஆதிக் குடியிருப்புகளின் உணவும் நோயும்

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் கோயிலுமே. இவற்றுள் பெரும்பாலானவை அரசரும் வணிகரும் விட்டுச் சென்றவை. வயலில் நின்றவன் என்ன உண்டான், அவன் பிள்ளை எந்த நோயால் மாண்டது, காட்டுக்கிழங்கின் நஞ்சை அவன் மனைவி எவ்வாறு நீக்கினாள் என்பவற்றைக் கல்லில் வெட்டி வைத்தவர் எவருமில்லர். எழுத்தே தோன்றாத காலத்து மக்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆயினும் அம்மக்களுக்கும் ஒரு கணக்கு எழுதப்பட்டே வந்திருக்கிறது. எழுதியவை அவர்களைச் சூழ்ந்து நின்ற மரமும் புல்லும் பூண்டும். எழுத்து, அவற்றின் பூக்கள் உதிர்த்த மகரந்தம். ஏடு, ஏரியின் அடியிலும் சதுப்பு நிலத்திலும் குகைத் தரையிலும் ஆண்டுதோறும் படிந்த சேறு. இந்த ஏட்டைப் புரட்டிப் படிக்கும் கலையை மகரந்த ஆய்வு என்பர். அவ்வாய்வு சரவாக் மாநிலத்திலும் அண்டை நாடான தாய்லாந்திலும் கண்ட உண்மைகளைத் தமிழாசிரியர்களும் பிற அன்பர்களும் அறிதல் நலம். மனிதன் தன் உணவுக்காக நிலத்தை மாற்றியபோது தன் நோயையும் மாற்றிக்கொண்டான் என்பதே அவ்வுண்மைகளின் சாரம். தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் முன்னோர்க்கு இது புதிய செய்தியன்று என்பதையும் முடிவில் காண்போம்.

தாதின் இயல்பு

மகரந்தத்திற்குத் தாது என்பது பழந்தமிழ்ப் பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் வருவது ஒரு மைக்ரான். பெரும்பாலான தாதுகள் 10 முதல் 100 மைக்ரான் வரை அளவுடையவை. கண்ணுக்குப் பொடியாகத் தோன்றும் இதனை நுண்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு செடியின் இனத்திற்கும் தனித்தனி உருவம் இருக்கக் காண்போம். செம்பருத்தியின் தாது முள் நிறைந்த பெரிய உருண்டை. புல்லின் தாது வழவழப்பானது. அதற்கு ஒரே ஒரு துளை உண்டு. வேறு சிலவற்றில் பள்ளங்களும் வரிகளும் வலைப்பின்னலும் காணப்படும்.

தாதின் உள்ளிருக்கும் உயிர்ப்பொருள் விரைவில் அழிந்துபோகும். ஆனால் அதன் மேலோடு ஸ்போரோபொலெனின் என்னும் பொருளால் ஆனது. உயிர்கள் உண்டாக்கும் பொருள்களுள் இதனைப்போல் உறுதியானவை மிகச் சில. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் கிடந்தால் பல்லாயிரம் ஆண்டுகளும் இஃது அழியாது. ஆய்வாளர் குழாய் ஒன்றைச் சேற்றில் செருகி, அடுக்குக் குலையாமல் மண்ணை வெளியே எடுப்பர். அதில் சிறு கூறுகளைக் கடுமையான அமிலங்களில் இட்டுக் கழுவுவர். மணலும் களிமண்ணும் கரைந்துபோகும். தாது எஞ்சி நிற்கும். பின்னர் ஒவ்வோர் அடுக்கிலும் சில நூறு தாதுகளை எண்ணி, எந்த இனம் நூற்றுக்கு எத்தனை என்று வரைபடம் தீட்டுவர். அடுக்கின் வயதைக் கரியின் கதிரியக்கத்தைக் கொண்டு கணிப்பர்.

இம்முறையை உலகறியச் செய்தவர் சுவீடன் நாட்டு நிலவியலாளர் லெனார்ட் ஃபான் போஸ்ட். 1916-ஆம் ஆண்டில், இன்று ஒஸ்லோ என வழங்கும் நகரில் கூடிய அறிவியலாளர் முன்னிலையில் அவர் தம் வரைபடங்களை விளக்கினார். காடுகளின் வரலாற்றை அறிவதே அவர் நோக்கம். அதே முறையால் மனிதனின் வரலாற்றையும் அறியலாம் என்று காட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோஹானஸ் ஈவர்சன். 1941-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஒரு வியத்தகு வரிசை காணப்பட்டது. ஓர் அடுக்கில் பெருமரங்களின் தாது திடீரெனக் குறைகிறது. அதற்கு மேல் புல்லும் தானியமும் பிளான்டேகோ என்னும் களையும் தோன்றுகின்றன. (நம் மருந்துக் கடைகளில் இசப்கோல் என்று விற்கும் உமி இக்களையின் இனத்துச் செடியொன்றிலிருந்து கிடைப்பது.) சில அடுக்குகளுக்குப் பின் காடு மீண்டும் தலையெடுக்கிறது. கற்கால உழவர் வந்து, காட்டை வெட்டிச் சுட்டுப் பயிரிட்டு, நிலம் சோர்ந்ததும் விட்டுச் சென்றதையே இது காட்டுகிறது என்றார் ஈவர்சன். கற்கோடரியால் காட்டை வெட்ட முடியுமா என்ற ஐயத்தைத் தீர்க்க, 1952-இல் தொடங்கித் திராவெட் என்னும் காட்டில் அருங்காட்சியகத்துக் கற்கோடரிகளைக் கொண்டு மரம் வெட்டியும், வெட்டியதை எரித்துத் தானியம் விதைத்தும் பார்த்தனர். முடியும் என்பது தெளிவாயிற்று.

சாட்சியை விசாரிக்கும் முறை

தாது பொய் சொல்லாது. ஆனால் நாம் அதனைத் தவறாகப் படிக்கக்கூடும். ஆதலின் அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்டாக வேண்டும். இது எங்கே விழுந்தது? இங்கே எப்படி வந்தது? இது கூறுவதை வேறு யார் உறுதி செய்கிறார்?

காற்றை நம்பிப் பூக்கும் செடிகள் தாதினை அள்ளி இறைக்கின்றன. பூச்சியை நம்பிப் பூப்பவை சிக்கனமாகச் செலவிடுகின்றன. எனவே சேற்றில் புல்லின் தாது மிகுந்திருப்பது கொண்டு, அவ்வூரில் மரமே இல்லை என்று முடிவு கட்டலாகாது. மேலும், நெல்லின் தாதும் பல காட்டுப்புற்களின் தாதும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். நெல் விளைந்ததா என்பதற்கு உமியையும் பானை ஓட்டில் பதிந்த தவிட்டையும் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. ஈவர்சன் கண்ட மரக்குறைவிலும் கூட, எல்ம் என்னும் மரம் வீழ்ந்ததற்குக் கோடரியோடு மரநோயும் காரணமாயிருக்கலாம் என்று பின்வந்தோர் கருதினர்.

விசாரணை எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஈராக்கின் வடபகுதியில் உள்ள சானிதார் குகை நல்ல சான்று. அங்கு ரால்ஃப் சொலெக்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் நியாண்டர்தால் மனிதரின் எலும்புக்கூடுகள் பலவற்றைக் கண்டார். 1960-இல் கிடைத்த நான்காம் எலும்புக்கூட்டைச் சூழ்ந்திருந்த மண்ணைப் பிரான்சு நாட்டு அம்மையார் ஆர்லெட் லெருவா-கூரான் ஆராய்ந்தபோது, தாதுகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன. அவற்றுட் பல மருந்துச் செடிகளின் தாதுகள். இறந்தவனை மலர்மீது கிடத்தி அடக்கம் செய்தனர் என்றும், அவர்கள் மூலிகை மருத்துவமும் அறிந்திருக்கலாம் என்றும் பேசப்பட்டது. உலகமே இந்தச் செய்தியால் உருகியது. ஆனால் 1999-இல், அக்குகையில் வளை தோண்டும் எலி வகையொன்று பூக்களை இழுத்துச் சென்று சேமித்திருக்கலாம் என்ற மறுப்பு எழுந்தது. 2023-இல் கிறிஸ் ஹண்ட் முதலிய ஆய்வாளர், அக்கொத்துகளில் வெவ்வேறு பருவத்தில் பூக்கும் செடிகளின் தாதுகள் கலந்திருப்பதைச் சுட்டி, மண்ணில் கூடு கட்டும் தேனீக்களே அவற்றைக் கொணர்ந்திருக்கக் கூடும் என்றனர். அழகான கதை என்பதற்காக ஒரு சாட்சியத்தை ஏற்றுக்கொள்ளுதல் வரலாறு ஆகாது.

உண்டதற்கு நேர்ச்சான்று

மண்ணில் கிடக்கும் தாது, அருகில் நின்ற செடியைக் காட்டும். உண்ட செடியைக் காட்டுமென்று சொல்ல இயலாது. உண்டதை அறிய, உண்டவனின் வயிற்றையே நாட வேண்டும். வறண்ட குகைகளில் மனிதமலம் காய்ந்து இறுகி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடப்பதுண்டு. முகஞ்சுளிக்க வேண்டாம், மருத்துவமனையில் இன்றும் அதனைத்தானே ஆராய்கிறார்கள்? கனடா நாட்டு எரிக் காலன் 1950-களிலும் 1960-களிலும் இவ்வாய்வுக்கு வழிகாட்டினார். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் குகைகளில் கிடைத்தவற்றை வான் பிரையன்ட் ஆராய்ந்து, அங்கு வாழ்ந்த பழங்குடிகள் கள்ளி, கற்றாழை போன்ற செடிகளின் பூக்களையே உணவாகக் கொண்டனர் என்று காட்டினார். பூவை உண்டால் தாது வயிற்றில் நிறையும். அந்தப் பூ எந்தப் பருவத்தில் மலரும் என்பது தெரிந்தால், அக்குகையில் அவர்கள் எந்தப் பருவத்தில் தங்கினர் என்பதும் தெரிந்துவிடும்.

ஆல்ப்ஸ் மலையின் பனியில் 1991-இல் கிடைத்த, ஏறக்குறைய 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் குடலில், ஓஸ்திரியா என்னும் மரத்தின் தாது உள்ளிருக்கும் உயிர்ப்பொருளும் கெடாமல் இருந்தது. மரம் பூத்திருந்தபோதே அத்தாது நீரோடும் உணவோடும் உட்சென்றிருக்க வேண்டும். ஆகவே அவன் இறந்தது வசந்தத்திலோ கோடையின் தொடக்கத்திலோ என்று தேர்ந்தனர். அதே குடலில் புழுக்களின் முட்டைகளும் இருந்தன. உணவும் நோயும் ஒரே கண்ணாடித் துண்டில் அருகருகே தெரிந்தன.

இந்த அருகாமை தற்செயலானதன்று. வட அமெரிக்காவின் கொலராடோ மேட்டு நிலத்தில் கார்ல் ரைன்ஹார்ட் செய்த ஆய்வு அதனைத் தெளிவாக்குகிறது. வேட்டையாடியும் காய்கனி பறித்தும் அலைந்து திரிந்தவர்களிடம் குடற்புழு குறைவு. அதே நிலத்தில் மக்காச்சோளம் பயிரிட்டு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் நிலைத்து வாழ்ந்தவர்களிடம் கீரைப்பூச்சி முதலியவை மிகுதி. சோறு நிலைத்தது, அதனோடு புழுவும் நிலைத்தது.

நியா குகை: நஞ்சும் உணவும்

இனி நம் நாட்டிற்கு வருவோம். சரவாக்கின் வடபகுதியில், மிரி நகருக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் மலையில் அமைந்தது நியா பெருங்குகை. 2024-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. சரவாக் அரும்பொருளகத் தலைவராக இருந்த டாம் ஹாரிசனும் அவர் துணைவியார் பார்பராவும் 1950-களிலும் 1960-களிலும் இங்கு அகழ்ந்தனர். 1958-இல் ஆழத்தில் ஒரு மண்டையோடு கிடைத்தது. ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது எனக் கணிக்கப்பட்ட அது, தென்கிழக்காசியாவின் மிகப் பழைய மனித எச்சங்களுள் ஒன்றாகும். 2000 முதல் கிரேம் பார்க்கர் தலைமையில் பல துறை அறிஞர் மீண்டும் அங்கு சென்று, மனிதர் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு முன்பே அக்குகையைப் பயன்படுத்தினர் என்று கண்டனர். அங்கே தாதினை ஆராய்ந்தவர், சானிதாரில் தேனீயைச் சுட்டிக்காட்டிய அதே கிறிஸ் ஹண்ட்.

நியாவிலும் அவர் முதலில் கேட்டது, தாது உள்ளே எப்படி வந்தது என்பதைத்தான். குகை வாயில் அகன்றது, காற்று புகும். உள்ளே உழவாரக் குருவிகளும் வௌவால்களும் இலக்கக் கணக்கில் வாழ்கின்றன. அவற்றின் எச்சத்தோடும் தாது விழும். மனிதன் கொணர்ந்தது இவற்றுக்கிடையே ஒரு பகுதியே. இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டு பார்த்தபோது, அக்காலத்துப் போர்னியோ என்றும் ஒரேபடியாய் நின்ற இருண்ட காடன்று என்பது தெரிந்தது. கடல் தாழ்ந்து, போர்னியோ பெருநிலத்தோடு இணைந்திருந்த அந்நாளில், குளிர் மிக்க காலங்களில் மலைமேல் வளரும் மரங்கள் தாழ்நிலத்திலும் வளர்ந்தன. வெப்பம் மிக்க காலங்களில் மழைக்காடு திரும்பியது. சில அடுக்குகளில் ஜஸ்டீசியா என்னும் இனத்தின் தாது அளவுக்கு மீறிக் காணப்பட்டது. நாம் இருமலுக்குக் கொள்ளும் ஆடாதோடையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தீயால் அழிந்த இடங்களில் இவ்வினச் செடிகள் முந்தி முளைப்பதால், மனிதர் காட்டின் ஓரங்களைச் சுட்டுத் திறந்திருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். வெளிச்சம் விழும் காட்டோரத்தில்தான் கிழங்குக் கொடிகள் செழிக்கும். பன்றியும் மேய வரும்.

இங்கு வேறு சாட்சிகள் துணைக்கு வந்தனர். மண்ணிலும் கருகிய எச்சங்களிலும் காட்டு வள்ளிக்கிழங்கு, சேம்பின் இனத்துக் கிழங்குகள், மாவு தரும் பனை வகைகள் ஆகியவற்றின் அடையாளங்கள் கிடைத்தன. கெப்பாயாங் கொட்டையின் துண்டுகளும், கொட்டைகளைப் பதப்படுத்தியவை எனக் கருதப்படும் குழிகளும் தென்பட்டன. இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ண வேண்டும். மலாய்க்காரர் காடோங் என்று கூறும் காட்டுக்கிழங்கை அப்படியே வேகவைத்து உண்டால் நரம்பு பாதிக்கப்படும், உயிரும் போகலாம். அதனைச் சீவி, ஓடும் நீரிலோ உப்புநீரிலோ பல நாள் ஊறவைத்தே உண்பர். கெப்பாயாங் கொட்டையில் சயனைடு நஞ்சு உண்டு. அதனை அவித்து, சாம்பலோடு மண்ணில் பல நாள் புதைத்து வைத்தால் நஞ்சு நீங்கிக் கறுத்துச் சுவை பெறும். சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் பாபா நோன்யா வீடுகளில் கோழியோடு சமைக்கும் புவா கெலுவாக் இதுவே.

எந்தக் கிழங்கு நஞ்சு, அதனை எத்தனை நாள் ஊற வைக்க வேண்டும், எந்தச் சாம்பல் வேண்டும் என்னும் அறிவு ஒருவன் ஆயுளில் தேடிக் கிடைக்கும் அறிவன்று. தவறு செய்தவன் இறந்தான், பார்த்தவன் கற்றான், அவன் பிள்ளைக்குச் சொன்னான். எழுதா ஏடாகிய இவ்வறிவே அம்மக்களின் பள்ளிக்கூடம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இன்றித் தவித்தபோது, நம் தோட்டப்புறத்துப் பாட்டிமார் மரவள்ளியைத் தோலுரித்து, நீர் மாற்றி வேகவைத்துப் பிள்ளைகளைக் காத்ததும் இத்தகைய அறிவால்தான். மரவள்ளியிலும் சயனைடு உண்டு என்று அவர்கள் படித்ததில்லை. ஆனால் பச்சையாகத் தின்னவிடக் கூடாது என்று அறிந்திருந்தனர்.

நல்ல மேட்டின் துயரம்

நியாவில் கண்டவர்கள் தேடி உண்டவர்கள். நிலைத்து வாழ்ந்து, நெல்லுண்ட ஊரைக் காணத் தாய்லாந்துக்குச் செல்வோம். பாங்காக்கின் கிழக்கே, பாங் பகோங் ஆற்றுச் சமவெளியில், கோக் பனோம் டி என்ற மேடு உள்ளது. நல்ல மேடு என்பது அப்பெயரின் பொருள். இன்று கடல் அதற்கு 20 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது; அன்றோ கழிமுகத்தின் அருகே, கண்டல் காட்டின் நடுவில் அஃது இருந்தது. 1985-இல் நியூசிலாந்தின் சார்லஸ் ஹைஹமும் தாய்லாந்தின் ரச்சனி தோசரத்தும் அதனை அகழ்ந்தனர். ஏறக்குறைய கி.மு. 2000 முதல் கி.மு. 1500 வரை அங்கு மக்கள் வாழ்ந்தனர். கிடைத்த சவக்குழிகள் 154.

அம்மேட்டின் அயலில் பெர்னார்ட் மலோனி என்பார் சேற்றுத் தூண்களை எடுத்துத் தாதினை எண்ணினார். மேட்டில் ஊர் தோன்றுவதற்கு மிக முன்னரே, கரித்தூள் மிகுந்து, புல்லும் களையும் உயர்ந்த அடுக்குகள் சில காணப்பட்டன. அவை நெல்லுழவரின் கைவேலை என்று சொல்லிவிட ஆசை எழுவது இயல்பே. ஆனால் வேட்டையாடுவோரும் புல்லுக்குத் தீ வைப்பர். தீ தானாகவும் பற்றும். பின்னர் அதே வட்டாரத்தில் நோங் நோர் என்னுமிடத்தில், ஏறக்குறைய கி.மு. 2400 அளவில் வாழ்ந்தோரின் இடம் அகழப்பட்டது. சிப்பியும் மீனும் உண்ட அவர்களிடம் நெல் காணப்படவில்லை. புல்லின் தாது உயர்ந்தவிடமெல்லாம் நெல் விளைந்தது என்று சொல்ல இயலாது என்பதற்கு இது தக்க பாடம்.

நல்ல மேட்டில் நெல் இருந்ததற்கு உறுதியான சாட்சி வயிற்றிலிருந்தே கிடைத்தது. அடக்கம் செய்யப்பட்டவரோடு எஞ்சியிருந்த மலத்தில் நெல் உமித் துணுக்குகள் காணப்பட்டன. சேமித்த தானியத்தில் வாழும் வண்டின் எச்சமும் கிடைத்தது. ஆக, அவர்கள் நெல்லைச் சேர்த்து வைத்து உண்டனர். குதிரில் வண்டும் இருந்தது. இடைக்காலத்தில் உப்புநீர் விலகி நன்னீர் பரவியபோது, சிப்பியால் செய்த அரிவாட்களும் கல் மண்வெட்டிகளும் மிகுந்தன. கடல்நீர் திரும்பியதும் அக்கருவிகள் மறைந்தன. நிலம் இடந்தந்தபோது பயிரிட்டனர், தராதபோது விட்டனர். மீனும் சிப்பியும் நண்டும் அவர்களுக்கு என்றும் உண்டு. ஒரு பெண்மணி ஓரிலக்கத்திற்கும் மேற்பட்ட சிப்பி மணிகளோடு அடக்கம் செய்யப்பட்டிருந்தார். பஞ்சத்தில் வாடிய ஊர் அன்று அது.

அவ்வாறாயினும் சவக்குழிகள் கூறும் செய்தி நெஞ்சை வருத்துவது. சிறப்பாக முற்பட்ட காலத்தில், பிறந்த சில நாளிலேயே மாண்ட குழந்தைகள் மிகப் பலர். எலும்புகளை ஆராய்ந்த நான்சி டெய்ல்ஸ், கடுமையான இரத்தச்சோகையின் அடையாளங்களைக் கண்டார். இரத்தம் போதாமல் எலும்பின் உள்ளே மச்சை பெருத்து, எலும்பின் உருவே மாறியிருந்தது. உண்ண உணவிருந்தும் இரத்தம் இல்லாமற்போனது ஏன்? தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக்கோளாறாக இருக்கலாம் என்பது அவர் முடிவு.

தலசீமியாவின் இயல்பு விந்தையானது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதனைப் பெற்ற குழந்தை இரத்தச்சோகையால் வாடும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கோ மலேரியாக் காய்ச்சலிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைக்கும். ஆகவே மலேரியா நெடுங்காலம் ஆண்ட நாடுகளில்தான் இக்கோளாறு மிகுதியாக நிலைத்திருக்கிறது. அம்மேட்டில் தலசீமியா இருந்ததென்றால், மலேரியா அம்மக்களின் பழைய பகை என்று கருத இடமுண்டு. கொசுவின் சிறகு சேற்றில் கிடைக்கவில்லை; இஃது ஊகமே. ஆயினும் தாது இந்த ஊகத்திற்குத் துணை நிற்கிறது. தீயும் புல்லும் களையும், நிழல் விலகி வெயில் விழுந்த நிலத்தைக் காட்டுகின்றன. கண்டல் காடு திறக்கப்பட்டு, உவர்நீர் குட்டையாக வெயிலில் தேங்கினால், அதில் பெருகும் மலேரியாக் கொசு இனம் ஒன்று இந்நாடுகளின் கடற்கரையெங்கும் உண்டு. அனோபிலிஸ் சுண்டைக்கஸ் என்பது அதன் பெயர்.

காடு வெட்டலும் காய்ச்சலும்

மரத்தை வெட்டுவதற்கும் குழந்தை மாள்வதற்கும் என்ன தொடர்பு என்று எவரேனும் கேட்டால், மலாயாவின் வரலாற்றைத்தான் விடையாகக் காட்ட வேண்டும். மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901-இல் கிள்ளானில் பணியேற்றார். அவ்வாண்டு கிள்ளானையும், இன்று போர்ட் கிள்ளான் என வழங்கும் சுவெட்டன்ஹம் துறைமுகத்தையும் மலேரியா வாட்டியது. சதுப்பை வடிகட்டிக் காட்டை வெட்டியதும் காய்ச்சல் தணிந்தது. காரணம், அத்தாழ்நிலத்தில் நோய் பரப்பிய கொசு நிழலுள்ள காட்டுச் சதுப்பில் வாழ்வது. நிழல் போனதும் அது மறைந்தது.

இதே மருந்தை மலைச்சாரல் தோட்டங்களில் கையாண்டபோது நேர்மாறான பயன் விளைந்தது. காட்டை வெட்டிய பின்னரே காய்ச்சல் பெருகியது. அங்கு நோய் பரப்புவது அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்ற வேறு கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் முட்டையிடும். நிழல் மூடிய ஓடைகளை, ரப்பர் நடுவதற்காகத் திறந்துவிட்டது மனிதனே. எந்த நிலத்தில் எந்தக் கொசு என்று அறிந்து மருந்து செய்ய வேண்டும் என்று வாட்சன் வலியுறுத்தினார். அதனை நிலத்தடி வடிகால்களாலும் எண்ணெய் தெளிப்பதாலும் நடைமுறைக்குக் கொண்டுவருமுன், லயங்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அழிந்தன. கோடரி பிடித்த கைகளுக்கே காய்ச்சல் கூலியாகக் கிடைத்தது.

நல்ல மேட்டு மக்கள் தம் உணவுக்காக நிலத்தைத் திறந்தனர். நம் முன்னோர் பிறர் இலாபத்திற்காகத் திறந்தனர். வேற்றுமை பெரிது. ஆயினும் நிலம் இருவரையும் ஒரே விதியால் நடத்தியது. இன்ன நிலத்தை இவ்வாறு மாற்றினால் இன்ன நோய் வரும் என்னும் கணக்கு அரசியலும் அறியாது, சாதியும் அறியாது.

நாம் கொள்ள வேண்டுவது

நம் காலத்தின் தாதும் இப்போது சேற்றில் படிந்துகொண்டுதான் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவர் தோட்டத்து ஏரியின் அடியில் குழாயைச் செருகினால், காட்டு மரங்களின் தாது வீழ்ந்து, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த செம்பனையின் தாது மிகுந்து நிற்பதைக் காண்பார். ரப்பர் மரமோ பூச்சிகளை நம்பிப் பூப்பது. காற்றில் தாதினை வாரி இறைப்பதில்லை. நம் மக்கள் மிகுதியாக வியர்வை சிந்திய மரம் சேற்றில் மங்கலாகவே தெரியக்கூடும். செம்பனையைக் கண்டு தோட்டத்தை அறிவார். அதை நட்டவன் என்ன உண்டான், அவன் பிள்ளை எந்த நோயால் மாண்டது என்பதைத் தாது மட்டும் அவருக்குச் சொல்லாது. அதற்கு வேறு சாட்சி வேண்டும். அச்சாட்சியைத் தரக்கூடியவர்கள் நம்மிடையே இன்னும் சிலரே இருக்கின்றனர்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை வகுப்பறையில் எளிதாகத் தொடங்கலாம். செம்பருத்தி, பூசணி, புல் ஆகியவற்றின் தாதினைக் கண்ணாடித் துண்டில் தட்டி, பள்ளியிலுள்ள நுண்பெருக்கியில் மாணவர்க்குக் காட்டுங்கள். மூன்றும் வேறுவேறாக இருப்பதைக் கண்ட பிள்ளை இக்கலையின் அடிப்படையைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் அதே மாணவரை வீட்டுக்கு அனுப்பி, தாத்தா பாட்டிமார் இளமையில் எந்தக் கீரை, எந்தக் கிழங்கு உண்டனர், அதை எப்படிப் பதம் செய்தனர், அந்நாளில் லயத்தில் எந்த நோய் மிகுந்தது, எந்த ஆற்றோரம் காய்ச்சலுக்குப் பேர்போனது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். தேதியும் தோட்டத்தின் பெயரும் தவறாமல் குறிக்கப்பட வேண்டும். கேட்டதை அப்படியே நம்பிவிடாமல், எங்கே, எப்படி, வேறு யார் சொல்கிறார் என்னும் மூன்று வினாக்களையும் அவர்களே கேட்கப் பழக்குங்கள்.

ஐம்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர் காட்டைச் சுட்டதைத் தாது சொல்கிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர் நெல் உண்டதை உமி சொல்கிறது. அவர்தம் பிள்ளைகள் மாண்டதை எலும்பு சொல்கிறது. நூறாண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்தவர்கள் உண்டதையும் பட்டதையும் நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.